பதினாறு பாகை

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

இன்று மார்ச் நான்காம் தேதி. எனக்கு எழுபத்தாறு வயதும் இரண்டு மாதமும் பதினெட்டு நாளும் ஆகின்றன. இந்த எண்ணை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் மாப்பிள்ளையாகிய என் மகன் "அம்மா எண்பதை நெருங்குறாங்க" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். முப்பத்தோராண்டுகள் பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்தியவளின் வயிற்றில் பிறந்தவனுக்கு இந்தத் தோராயப் புத்தி எங்கிருந்து வந்ததென்று விளங்கவில்லை. அவனுடைய அப்பாவும் அப்படிப்பட்டவரல்லர்.

நாம் கடைசியாகக் கடிதம் எழுதிக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அது ஏன் என்பதைப் பற்றி இப்போதும் எழுதப்போவதில்லை. விஷயம் கார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளும் என் மகனும் வந்து, ஒரு தீர்மானத்தை என் மேசைமேல் வைத்தார்கள். கார் மேடு ஏறுவதில்லை. கார் இல்லாமல், சந்தையிலிருந்து ஏழு வளைவுகளுக்கு மேலே இருக்கும் இந்த வீட்டில் நான் தனியாக இருக்க முடியாது. ஆகையால் காரைப் பழைய இரும்புக் கடைக்கும், என்னை அவர்களுடைய மூன்றாம் மாடிக்கும் அனுப்ப வேண்டும். எனக்காக ஓர் அறையைக் காலி செய்துவிட்டார்களாம். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய்கள் தெரியும்.

நான் மறுத்தபோது உங்கள் மகள், "அந்த எஞ்சின் முடிஞ்சு போச்சுன்னு எங்க அப்பாவே சொல்லிட்டாரு அத்தை" என்றாள். பேருந்துப் பணிமனையில் தலைமை மெக்கானிக்காக முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்த ஒருவர், பார்க்காத எஞ்சினுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்தது எந்த ஆதாரத்தின் பேரில்? எழுத்தில் காரணம் வேண்டும்.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி மகன் என் பக்கத்தில் உட்காருவான். சந்தை முனையிலிருந்து என் வாசல்வரை வண்டி ஓரிடத்திலும் நிற்காமல் ஏறிவிட்டால், இந்தப் பேச்சை அவன் மறுபடி எடுக்கக் கூடாது. நின்றுவிட்டால் மறுநாள் காலை இரும்புக் கடை லாரி வரும். நானும் பெட்டியோடு இறங்கிவிடுவேன். சொன்னால் சொன்னதுதான்.

உங்களுக்குத் தொலைபேசியில் காது கேட்பதில்லை என்று அறிந்தேன். நல்லதாயிற்று. எழுத்தில் இருந்தால் யாரும் பின்னால் மாற்றிப் பேச முடியாது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


மார்ச் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் முடிஞ்சு போச்சுன்னு நான் சொல்லவே இல்ல. பொண்ணு போன்ல என்னமோ நீளமாக் கேட்டா. ஒண்ணும் விளங்கல. "ம்" னேன். அந்த "ம்"முக்கு ஒரு வண்டியும் ஒரு வீடும் போகும்னு தெரிஞ்சிருந்தா வாயையே திறந்திருக்க மாட்டேன்.

நீங்க எழுதப்போறதில்லன்னு சொன்ன விஷயத்தை நான் எழுதிடறேன். எனக்கு உங்களை மாதிரி அடக்கி எழுத வராது.

பன்னிரண்டு வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்கு வந்தப்ப, நீங்க கேட்டீங்கன்னுதான் அந்த வண்டிக்கு டைமிங் வச்சுக் குடுத்தேன். காதால கேட்டு வச்சேன். இனி பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாம்னு சொல்லிட்டு ரயில் ஏறினேன். அதுக்கு மறுநாளே குடும்பத்தோட போய் மேட்டுல நின்னுபோச்சு. எம் பொண்ணு, மாப்பிள்ளை எல்லாரும் வெயில்ல நடந்து ஏறினாங்களாம். நீங்க ஒரு போஸ்ட் கார்டு போட்டீங்க. "தங்கள் கைவண்ணம் மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது." அவ்வளவுதான், ஒரே வரி. கையெழுத்து கூட இல்ல. இன்னும் வச்சிருக்கேன்.

அதுலேருந்து நம்ம சொந்தத்துல எனக்குப் பேரே "மூணாவது வளைவு"தான். போன வருஷம் பேத்தி எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பினா. "அன்புள்ள மூணாவது வளைவு தாத்தாவுக்கு"ன்னு போட்டிருந்தா. ஏன் அந்தப் பேருன்னு அவளுக்குத் தெரியாது. ஊருக்கே பஸ் ஓட வச்சவன் நான். அதுக்கப்புறம் ஒரு காருக்கும் டைமிங் வைக்கல. யார் கேட்டாலும் காது போச்சுன்னு சொல்லிடுவேன். காது நிஜமாப் போனது நாலு வருஷம் முன்னாடிதான்.

சரி, அது போகட்டும். வண்டி என்ன பண்ணுதுன்னு எழுதுங்க. "சரியா ஓடல"ன்னு எழுதாதீங்க, அது எனக்கு உதவாது. எங்க, எந்த கியர்ல, எவ்வளவு நேரம் கழிச்சுன்னு எழுதுங்க. இதுவரைக்கும் யார் யார் கை வச்சாங்கன்னும் வேணும்.

உங்க மருமகளோட அப்பா


மார்ச் 16

சம்பந்தி அவர்களுக்கு,

"சரியாக ஓடவில்லை" என்று எழுதும் பழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை.

காலையில் முதல் முயற்சியிலேயே கிளம்புகிறது. சமதளத்தில் குறையொன்றுமில்லை, ஆனால் மிதியை அழுத்தினால், மனு கொடுத்தவன் அலுவலகத்தில் காத்திருப்பது போலச் சற்று நேரம் காத்திருந்துதான் வேகம் வருகிறது. மேட்டில் முதல் வளைவில் இரண்டாம் கியர். இரண்டாவது வளைவில் முதல் கியர். அங்கேயே வெப்பம் காட்டும் முள் ஏறத் தொடங்கிவிடும். மூன்றாவது வளைவில் மூச்சு நின்றுவிடும். இறங்கும்போது புகைக்குழாய் வெடிக்கிறது. லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் ஓடிய வண்டி இன்று எட்டு ஓடுகிறது.

இந்த ஆண்டுகளில் நான்கு மெக்கானிக்குகள் வந்திருக்கிறார்கள். நான் குறிப்பேடு வைத்திருக்கிறேன். நால்வரும் டைமிங் லைட் பிடித்து, புல்லியின் குறியைப் பார்த்து, "ரொம்ப அட்வான்ஸா இருக்கும்மா" என்றார்கள். தீப்பொறி முந்தி விழுகிறதாம். நால்வரும் பின்னுக்குத் தள்ளினார்கள். முதலாமவர் இரண்டு பாகை, அடுத்தவர் ஒன்று, மூன்றாமவர் மூன்று, நான்காமவர் ஒன்று. நால்வரும் வண்டியோடு வந்த கையேட்டு நூலில் அச்சிட்டிருக்கும் பத்துப் பாகையில்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் வண்டி முன்னைவிட மோசமாயிற்று.

நான்கு பேர் தனித்தனியே சரியான முறையில் ஒரே பிழையைச் செய்திருக்கிறார்கள் என்றால், நால்வருக்கும் பொதுவான ஏதோ ஒன்று பொய். அது எது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

நாட்கள் இருபத்தேழு இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


மார்ச் 22

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். இவ்வளவு ஒழுங்கா ஒரு டிரைவரும் எனக்கு ரிப்போர்ட் எழுதினதில்ல.

டைமிங்கிறது தீப்பொறி பிஸ்டனைத் தள்ளுற நேரம், ஊஞ்சல் தள்ளுற மாதிரி. ஊஞ்சல் உங்ககிட்ட வந்து திரும்புற நேரத்துல தள்ளணும். முன்னாடியே தள்ளினா கை முறியும். பிந்தித் தள்ளினா காத்தைத்தான் தள்ளுவீங்க. உங்க வண்டி பிந்தித் தள்ளுது. மூச்சு வாங்குறது, சூடாகுறது, பெட்ரோல் குடிக்கிறது, எல்லாம் அந்த ஜாதகம்தான். ஆனா லைட்டு முந்துதுன்னு காட்டுது. அப்ப லைட்டு பாக்குற குறி பொய்.

முன்னாடி இருக்குற பெரிய புல்லி ஒரே இரும்பு இல்ல. உள்ள ஒரு வட்டு, வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர். வயசானா ரப்பர் விட்டுடும். வெளி வளையம் கொஞ்சம் கொஞ்சமா வழுக்கும். குறி வெளி வளையத்துலதான் இருக்கு. வளையம் நகர்ந்தா குறியும் நகரும். அதைப் பாத்து வச்சவன் எல்லாம் தப்பா வச்சவன்தான்.

ரெண்டு வேலை சொல்றேன். முதல்ல டிஸ்ட்ரிபியூட்டர், அதான் பிளக்குக்குத் தீப்பொறியை அனுப்புற டப்பா, அதோட மூடியைக் கழட்டி, புல்லியைக் கையால முன்னும் பின்னும் திருப்புங்க. அதுக்குள்ள சுத்துற ரோட்டர் அசையறதுக்கு முன்னாடி புல்லி எத்தனை டிகிரி சும்மா சுத்துதுன்னு பாருங்க. அஞ்சுக்குள்ள இருந்தா டைமிங் செயின் நல்லா இருக்கு. ரெண்டாவது, பிஸ்டன் நிஜமா உச்சிக்கு வர்ற இடம் எதுன்னு கண்டுபிடிக்கணும். பழைய ஸ்பார்க் பிளக்குல பீங்கானை உடைச்சிட்டு ஒரு போல்ட் போட்டு, முதல் சிலிண்டர்ல மாட்டுங்க. இந்தப் பக்கம் திருப்பினா பிஸ்டன் ஒரு இடத்துல அந்த போல்ட்டுல முட்டும். அந்தப் பக்கம் திருப்பினா இன்னொரு இடத்துல முட்டும். ரெண்டுக்கும் நடுவுலதான் உச்சி. மத்த பிளக்கை எல்லாம் கழட்டிடுங்க. கையாலதான் திருப்பணும். சாவி போட்டீங்கன்னா பிஸ்டன்ல ஓட்டைதான்.

ஒண்ணு கேக்கணும். நான் ரயில் ஏறினதுக்கும் வண்டி நின்னதுக்கும் நடுவுல ஏதாவது மெக்கானிக் வந்து பாத்தாரா?

உங்க மருமகளோட அப்பா


மார்ச் 28

சம்பந்தி அவர்களுக்கு,

ஊஞ்சல் உவமைக்கு நன்றி. அலைவு என்றால் என்னவென்று எனக்கு முன்பே சற்றுத் தெரியும்.

லேத் பட்டறைக்காரரிடம் பழைய பிளக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்குங்கம்மா இது?" என்றார். பிஸ்டனை நிறுத்துவதற்கு என்றேன். "எல்லாரும் ஓட வைக்கத்தான் வருவாங்க" என்று சொல்லிவிட்டுச் செய்து கொடுத்தார்.

புல்லியைத் திருப்ப எனக்கு வலுப் போதாது. ஆகவே பக்கத்து வீட்டில் இருக்கும், ஓய்வுபெற்ற பல் மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் தம்முடைய சிறு கண்ணாடியையும் நெற்றி விளக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார். பானெட்டுக்குள் தலையை விட்டு, "இன்னும் கொஞ்சம் அகலமாத் திறக்கச் சொல்லுங்க மேடம், கடைவாய் தெரியல" என்றார். பாதி வேலையில், "சாவி போட்டா ஒரே நிமிஷத்துல சுத்திடுமே?" என்று கேட்டார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "எந்தப் பல்லையும் நான் அப்படிப் பிடுங்கினதில்ல" என்று ஒப்புக்கொண்டு ஸ்பேனரையே பிடித்தார்.

செயினின் தளர்ச்சி மூன்று பாகை. அது குற்றவாளி அன்று.

இனி முக்கியமானது. புல்லியைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டி அளந்தேன். சுற்றளவு நானூற்று எழுபத்தொரு மில்லிமீட்டர். இரு முட்டுப்புள்ளிகளுக்கும் இடையே தொண்ணூற்றிரண்டு. நடுப்புள்ளியைக் குறித்தேன். பழைய குறி அங்கே இல்லை. இருபத்தொரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. நம்பிக்கை வராமல் இன்னும் இருமுறை செய்யவைத்தேன். மருத்துவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விடை மாறவில்லை.

பதினாறு பாகை.

நூல்படி, பிஸ்டன் உச்சியைத் தொடப் பத்துப் பாகை இருக்கும்போது தீப்பொறி விழ வேண்டும். என் வண்டியில் உச்சியைத் தாண்டி ஆறு பாகை இறங்கிய பிறகு விழுகிறது. பந்தி முடிந்து இலை எடுத்த பின் வந்து சேரும் விருந்தாளி.

உங்கள் கேள்விக்குப் பதில்: அந்த இடைவெளியில் எந்த மெக்கானிக்கும் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதவும். நாட்கள் பதினைந்து.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


ஏப்ரல் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பதினாறு டிகிரியா? ஏழெட்டு இருக்கும்னுதான் நினைச்சேன். உங்க லெட்டரை எடுத்துக்கிட்டு நேரா பணிமனைக்குப் போனேன். இப்ப இருக்குற பசங்ககிட்டக் காட்டினேன். ஒருத்தன், "யார் சார் இந்த மெக்கானிக்?"னான். என் சம்பந்திதான்னேன். பொம்பளைன்னு சொன்னதும் நம்பல.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு எல்லாரும் சொல்லுவாங்க. உங்க வண்டியில கூடம் நிஜமாவே கோணல்தான்.

இனி செய்ய வேண்டியது சுலபம். நீங்க கண்டுபிடிச்ச நடுப்புள்ளியில உள் வட்டுல வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க. வெளி வளையத்துல போடாதீங்க, அது மறுபடி நகரும். அந்தக் கோட்டை வச்சு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பத்துக்குக் கொண்டு வாங்க. எஞ்சின் சூடானதும் லைட்டைப் பிடிங்க. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை இறுக்கினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை பாருங்க, இறுக்கும்போது கொஞ்சம் திரும்பிடும். டைமிங் லைட் இல்லேன்னா பணிமனையிலேருந்து அனுப்பறேன். மேட்டுல ஏறும்போது தகரத்துல சோளத்தைக் கொட்டின மாதிரி சத்தம் வந்தா ஒரு டிகிரி பின்னால விடுங்க. ஜெயிச்சதுக்கு அப்புறம் புதுப் புல்லி வாங்கி மாட்டிடுங்க.

கடைசியா ஒண்ணு. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன்.

குறி நகர்ந்தது அந்த நாலு பேரைக் காப்பாத்தும். என்னைக் காப்பாத்தாது. நான் குறியைப் பாக்கவே இல்லையே, காதாலதான வச்சேன். அது என்னை ஏமாத்தியிருக்க வழியில்ல. நடுவுல யாரும் தொடவும் இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்படியும் மறுநாள் வண்டி நின்னுச்சு. அப்ப தப்பு என் காதுதான். இத்தனை வருஷமா எங்கேயோ ஓரத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு, நம்ம மேல தப்பில்லையோன்னு. இன்னைக்கு அது தீந்துபோச்சு. நீங்க அன்னைக்கு எழுதின ஒரு வரி சரிதான்.

நல்லபடியா மேடு ஏறுங்க.

உங்க மருமகளோட அப்பா


ஏப்ரல் 7

சம்பந்தி அவர்களுக்கு,

கோடு போட்டாயிற்று. பத்தில் வைத்தாயிற்று. இறுக்கிய பின் ஒரு பாகை நழுவியிருந்தது, நீங்கள் எச்சரித்தபடியே. திரும்பச் செய்தேன். டைமிங் லைட் அனுப்ப வேண்டாம், இங்கே இருக்கிறது.

இதுவரை தெருமுனைவரைதான் ஓட்டினேன். மிதியைத் தொட்டதும் வண்டி முன்னால் பாய்ந்தது. மருத்துவர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். மேட்டில் இன்னும் சோதிக்கவில்லை. பழைய செயினையும் பழைய ரப்பரையும் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பது புத்திசாலித்தனம் அன்று.

உங்கள் கடைசிப் பத்தியைப் படித்தேன். அதற்குப் பதில் எழுத மூன்று தாள்களை வீணாக்கினேன். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


ஏப்ரல் 13

சம்பந்தி அவர்களுக்கு,

ஏறிவிட்டது.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு மகன் வந்தான். இரும்புக் கடைக்காரரின் எண்ணைக் கைப்பேசியில் தயாராக வைத்திருந்தான். சந்தை முனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, நின்னா நான் எதுவும் பேச மாட்டேன்" என்றான். நிற்காவிட்டாலும் பேசாதே என்றேன்.

முதல் வளைவு மூன்றாம் கியரில். நான் கியரைக் குறைக்கவில்லை என்பதை அவன் கவனித்தான். இரண்டாவது வளைவில் வெப்ப முள்ளைப் பார்த்தான், அது நடுவில் நின்றது; விரலால் கண்ணாடியைத் தட்டினான், அப்போதும் அது நடுவில்தான் நின்றது. மூன்றாவது வளைவுக்கு முன் இரண்டாம் கியருக்கு மாற்றினேன். எதிரே தண்ணீர் லாரி ஒன்று இறங்கி வந்தது. வழிவிட்டு மெதுவாக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் வண்டி எப்போதும் சாகும். நேற்று மிதியை அழுத்தினேன்; லாரியின் பின்சக்கரம் தாண்டுவதற்குள் வளைவைக் கடந்துவிட்டோம். நீங்கள் எழுதிய சோளச் சத்தம் எங்கும் கேட்கவில்லை. ஐந்தாவது வளைவில் என் மகன் வாய் திறந்தான்.

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் போங்க."

இந்த வண்டியில் உட்கார்ந்து இத்தனை ஆண்டுகளில் எவரும் சொல்லியிராத வாக்கியம். நான் மெதுவாகப் போகவில்லை.

வாசலில் உங்கள் மகளும் மருத்துவரும் நின்றிருந்தார்கள். மருத்துவர், "வலிச்சுதா?" என்று என் மகனைக் கேட்டார். உங்கள் மகள் முகத்தைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்த ரூமுக்குப் புதுசா திரையெல்லாம் வாங்கிட்டேனே அத்தை, அதை என்ன பண்றது?" என்றாள். மாட்டிவிடு, குழாயாவது மறையும் என்றேன். பிறகு அவளே முதலில் சிரித்தாள். மகன் இரும்புக் கடைக்காரருக்கு அங்கேயே நின்று பேசினான். "வேண்டாங்க. இல்ல, இனிமேலும் வேண்டாங்க" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். அதுவரை என் மகன்தான். சாவி என்னிடம் இருக்கிறது. நான் என் வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

இனி உங்கள் கடைசிப் பத்தி.

இதன் பிறகு வருவதை ஐந்து நகல்கள் எடுத்துவிட்டேன். என் மகனுக்கு ஒன்று, உங்கள் மகளுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று. ஒன்றை உங்கள் பணிமனையின் அறிவிப்புப் பலகைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒட்டுவதும் ஒட்டாததும் அவர்கள் விருப்பம். ஐந்தாவது உங்கள் கையில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, இந்த வயதில் இவள் கையில் சாவி எதற்கு என்று என் மகன் மறுபடி கேட்கக்கூடும். கேட்கட்டும். நேற்று ஏறியதை யாரும் இறக்க முடியாது.

உங்கள் தர்க்கத்தில் பிழையில்லை. தரவில்தான் குறை, அந்தக் குறைக்குப் பொறுப்பு நான்.

சென்ற வாரம் வரை தீப்பொறி உச்சியைத் தாண்டி ஆறு பாகையில் விழுந்தது. நான்கு மெக்கானிக்குகளும் பின்னுக்குத் தள்ளியது மொத்தம் ஏழு பாகை. அந்த ஏழையும் திருப்பிக் கொடுத்தால் உச்சிக்கு முன் ஒரு பாகை வருகிறது. மூன்றாவது வளைவில் குடும்பத்தோடு நின்ற அன்று வண்டி இருந்த நிலை அதுதான். ஒரு பாகையில் எந்த எஞ்சினும் அந்த மேட்டை ஏறாது. ஆனால் நீங்கள் அதை ஒன்றில் விட்டுச் செல்லவில்லை. பத்தில் விட்டுச் சென்றீர்கள், நூலில் அச்சிட்ட அதே பத்தில், குறியையும் பார்க்காமல் நூலையும் திறக்காமல். இடையே ஒன்பது பாகை காணாமற்போனது. அது எப்படிப் போனதென்று எனக்குத் தெரியும்.

நீங்கள் ரயிலேறிய அன்று பிற்பகல் நான் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டைமிங் லைட் வாங்கினேன். உங்களை நம்பாததால் அல்ல என்று எழுத முயன்றேன். அதற்குத்தான் அந்த மூன்று தாள்கள். நம்பாததால்தான். ஒரு மனிதர் எந்த எண்ணையும் பார்க்காமல், தலையைச் சாய்த்துக் கேட்டு, நகமளவு திருப்பி, "போதும்" என்று கையைத் துடைத்துக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. லைட்டைப் பிடித்தேன். குறி பத்தில் இல்லை, பத்தொன்பதில் நின்றது. வழுக்கிய வளையம் அன்றே ஒன்பது பாகை பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு உங்கள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்தேன். மறுநாள் வண்டி நின்றபோதும் சந்தேகம் உங்கள்மேலேயே இருந்தது, ஏனெனில் நான் செய்தது நூல்படி சரி. இரண்டாவது மெக்கானிக் வந்து போன பிறகுதான் என்மேல் சந்தேகம் வந்தது. அது ஏழு ஆண்டுகளுக்கு முன்பு. அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் சாவி போகும் என்பது ஒரு காரணம். மற்றது, பேராசிரியை தவறினாள் என்று உங்கள் வாயால் கேட்க எனக்கு மனமில்லை.

அன்று மாலை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், பன்னிரண்டாம் எண் ஸ்பேனரை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதை ஒன்பது பாகை பின்னால் திருப்பி இறுக்கியவள் நான்.